கலை படிக்கிற பிள்ளைங்க பிராக்டிக்கல சொந்த ஊர்லயும் செய்ய விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதறேன். நமக்கு சைன்போர்ட் கடை. பேனர், ஸ்டிக்கர், கல்யாண கார்டு, கோவில் நோட்டீஸ், செத்த வீட்டு நோட்டீஸ் வரைக்கும் அடிக்கிறோம், அப்பா காலத்துல பிரஷ்ஷும் எனாமல் டின்னும் வச்சி ஓடின கடை இப்ப பெரிய பிரிண்டர்ல ஓடுது. வருஷா வருஷம் ஃபார்ம் ஃபைவ் எஸ்பிஎம் பரீட்ச ரிசல்ட் வந்தா நம்ம பேப்பருங்கள்ல டாக்டருக்கு படி, வக்கீலுக்கு படி, டிவெட் தொழில்திறன் படிப்பு எடுன்னு பக்கம் பக்கமா வருது, நல்லதுதான், ஆனா டான்ஸ், நாடகம், மியூசிக், ஃபைன் ஆர்ட், கிராஃபிக்னு எடுத்து படிக்கிற நம்ம பிள்ளைங்களும் இருக்காங்க, அவங்க கடைசி செமஸ்டர்ல பிராக்டிக்கலுக்கு எடம் தேடி அலையறத பத்தி யாரும் எழுதி நான் பாக்கல, அதான் நானே உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், வெட்டறதா இருந்தா கோவில் வேலைய பத்தி எழுதின எடத்த மட்டும் வெட்டிடாதீங்க.

தெரியாதவங்களுக்கு முதல்ல சொல்லிடறேன். பிராக்டிக்கல், இன்டர்ன்ஷிப், லத்தேஹான் இண்டஸ்ட்ரி எல்லாம் ஒண்ணுதான். டிப்ளமாவோ டிகிரியோ முடிக்கறதுக்கு முன்னால வெளிய ஒரு எடத்துல போய் வேல செஞ்சி காட்டணும், பொதுவா ரெண்டு வாரத்துக்கு ஒரு கிரெடிட்னு கணக்கு, அது பாடம் மாதிரிதான், ஃபெயில் ஆனா பட்டம் கெடையாது. இதுல நெறைய பேருக்கு தெரியாத விஷயம், அந்த செமஸ்டருக்கும் ஃபீஸ் கட்டணும். கிளாசே இல்லியே எதுக்கு ஃபீசுன்னு கேக்கற அப்பா அம்மாவ நானே பாத்திருக்கேன். எடம் பிள்ளையே தேடிக்கணும், லெட்டர் அனுப்பணும், அவங்க ஒத்துக்கிட்டு பாரத்துல கம்பெனி சாப், அதான் முத்திரை, அடிச்சி திருப்பி அனுப்பணும், முதல் நாள் போய் சேந்ததுக்கு ஒரு பாரம், வாரா வாரம் லாக் புக்கு, அதுல எடத்துக்காரர் கையெழுத்து, நடுவுல லெக்சரர் வந்து பாத்துட்டு போவாரு, கடைசியில ரிப்போர்ட்டு, பிரசென்டேஷன். அக்கவுண்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்ல, தோட்டத்து ஆபீஸ் இருக்கு, பேங்க் இருக்கு, கோ-ஆப்பரேட்டிவ் இருக்கு. டான்ஸ் படிக்கிற பிள்ளை சுங்கை சிப்புட்ல எங்க போகும்?

எங்கயும் போகாது, கோலாலம்பூர் போகும். பேச்சே அவ்ளோதான்.

எங்க தாமான்ல ஒரு பிள்ளை, மேடைக்கலை படிச்சிச்சி, அப்பா பக்கத்து தோட்டத்துல செம்பனை குலை வெட்டறவரு, அம்மா பள்ளிக்கூட கேன்டின்ல. யூனி குடுத்த லிஸ்ட்ல பாத்து கோலாலம்பூர்ல ஒரு ஈவன்ட் கம்பெனிக்கு எழுதி போட்டு எடம் கெடச்சிச்சி. நாடக மேடை, லைட்டிங், ஸ்டேஜ் மேனேஜ்மென்ட் எல்லாம் கத்துக்கலாம்னு சொல்லித்தான் எடுத்தாங்க, போன பிறகு பாத்தா ரிப்பன் கட்டறது, பலூன் ஊதறது, கல்யாண டின்னர்ல பையில முறுக்கும் சாக்லெட்டும் போட்டு வாசல்ல நின்னு குடுக்கறது, மத்த நேரம் ஆபீஸ்ல எல்லாருக்கும் சாப்பாடு தபாவ் பண்ணிட்டு வர்றது. அலவன்ஸ் ஒரு காசு கெடையாது. ரூம் வாடகை, சாப்பாடு, எல்ஆர்டிக்கு மாசம் 50 வெள்ளி பாஸ், நைட்டு ஈவன்ட் முடிஞ்சி ரயில் இல்லன்னா கிராப், எல்லாம் அப்பன் பாக்கெட்டு. மழக்காலத்துல குலை கம்மியா வெட்டினா சம்பளம் எப்படி இருக்கும்னு தோட்டத்துல இருந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்தப் பிள்ளையோட லாக் புக்க நான் பாத்தேன், வாரா வாரம் ஒரே வரி, நிகழ்ச்சிக்கு உதவி செய்தேன், நிகழ்ச்சிக்கு உதவி செய்தேன், அதுக்கு கீழ அழகா ஒரு சாப்பு. லெக்சரர் வந்து தண்ணி குடிச்சிட்டு போட்டோ எடுத்துக்கிட்டு போய்ட்டாராம். மார்க் மட்டும் நல்லாத்தான் வந்துச்சி, அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு.

எல்லா கம்பெனியும் அப்படின்னு சொல்ல வரல. ஆனா சட்டத்துல பிடிமானம் இல்ல பாருங்க, 2025 பிப்ரவரியிலேர்ந்து குறைஞ்ச சம்பளம் 1,700 வெள்ளின்னு வந்துச்சி, இன்டர்ன் பிள்ளைங்க அந்தக் கணக்குலயே வரமாட்டாங்க. பிராக்டிக்கல் பிள்ளைங்கள ஒழுங்கான திட்டத்தோட எடுத்து அலவன்ஸ் குடுத்து வச்சிக்கிட்டா அந்த செலவுக்கு வரியில டபுளா கழிச்சிக்கலாம்னு அரசாங்கம் ஒரு சலுக குடுக்குது, பெரிய கம்பெனிங்க அத எடுத்துக்கறாங்க, ஆனா ரெண்டு பேர் மூணு பேர் வச்சி ஓட்டற டான்ஸ் கம்பெனி, நாடகக் குழு, ஸ்டூடியோவுக்கு வரி கட்டற அளவுக்கு லாபமே இருக்காது, அப்பறம் எதுல கழிக்கறது. கலை படிக்கிற பிள்ளைக்கு அலவன்ஸ் கெடைக்காம போறதுக்கு பாதி காரணம் இதுதான்னு எனக்கு படுது.

சரி என் கடைக்கு வர்றேன். ஃபைன் ஆர்ட் டிப்ளமா படிக்கிற ஒரு பிள்ளை, அப்பா ஆலை லோரி ஓட்டறவரு, கோலாலம்பூர்ல தங்க வைக்க வழியில்லன்னு என்கிட்ட வந்து கேட்டாரு. நான் சரின்னுட்டேன். காலேஜ் ஒடனே ஒத்துக்கல. கடை சின்னதா இருக்கு, எச்ஆர் யாரு, டிசைன் டிபார்ட்மென்ட்ல எத்தன பேரு, இப்படி கேள்வி. எச்ஆர் என் வீட்டுக்காரம்மா, டிசைன் டிபார்ட்மென்ட் நானும் ஒரு தம்பியும், அத எப்படி பாரத்துல எழுதறது சொல்லுங்க. நல்ல வேளை எஸ்எஸ்எம்னு சொல்ற கம்பெனி பதிவு நம்பர் இருந்துச்சி, அத வச்சி கடைசியில பாஸ் பண்ணிட்டாங்க. பெரிய தொகை இல்ல, ஆனா மாசா மாசம் அலவன்ஸ் குடுத்தேன், பசியாறலும் மத்தியான சாப்பாடும் கடைக் கணக்குல.

வந்த புதுசுல அது கான்வாஸ்ல பெயின்டிங் வரையற பிள்ளை, பேனர் வேலன்னா கொஞ்சம் எளக்காரம், முகத்துலயே தெரியும். அப்பறம் ஒரு திருவிழா பேனர் வந்துச்சி. கோவில் செக்ரட்ரி வாட்ஸ்அப்ல தமிழ்ல டைப் பண்ணி அனுப்பிட்டாரு, இது அப்படியே காப்பி பண்ணி இல்லஸ்ட்ரேட்டர்ல போட்டுச்சி, பாத்தா கொடியேற்றம்ல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம். ஏன் அங்கிள் இப்படி வருதுன்னு கேட்டுச்சி. இது மலேசியாவுல எத்தன பேனர்ல தொங்குது தெரியுமான்னு கேட்டேன். பழைய ஃபான்ட் வேற, யூனிகோட் வேற, பத்தி செட்டிங்ல இந்திய மொழிக்குன்னு இருக்கற கம்போசர மாத்தி வைக்கணும், இல்லன்னா கொம்பு எழுத்துக்கு முன்னால போய் நிக்காதுன்னு தம்பி காட்டி குடுத்தான். அன்னைக்கு ராத்திரி அது வீட்டுல உக்காந்து தேடி படிச்சிட்டு வந்து, நம்ம நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் 1985லயே முரசுன்னு தமிழ் சாஃப்ட்வேர் செஞ்சாராமே, ஆப்பிள் கம்ப்யூட்டர்ல இருக்கற இணைமதி ஃபான்ட்டும் அவங்களோடதுதானாமே, எங்க காலேஜ்ல டைப்போகிராஃபி பாடத்துல ஒரு வார்த்த சொல்லல அங்கிள்னு என்னையே கேக்குது. நான் என்னத்த சொல்றது.

அப்பறம் போர்ட் லைசென்ஸ். ஒரு முடிவெட்டற கடைக்கு போர்ட் போடணும்னா சும்மா அழகா டிசைன் பண்ணி மாட்டிட முடியாது, மலாய் வாசகத்த, மலாய் மொழிக்கு பொறுப்பான டேவான் பஹாசாவுல சரி பாத்து வாங்கணும், மலாய் எழுத்து பெருசா முன்னுக்கு தெரியணும், தமிழ் சீனம் அதுக்கு அப்பறம்தான், பிறகு கோல கங்சார் நகராண்மையில லைசென்ஸ். இந்த மூணு மொழிய ஒரு போர்ட்ல அடக்கி, தமிழ் எழுத்து நசுங்காம, தூரத்துல மோட்டார்ல போறவன் கண்ணுக்கு படற மாதிரி வைக்கறது ஒரு கலைதான்லா. கடைக்காரர் வந்து அண்ணே என் பேர் சின்னதா இருக்குன்னு சண்ட போடுவாரு, அவருக்கும் பதில் சொல்லணும், நகராண்மைக்கும் பதில் சொல்லணும். அந்தப் பிள்ளை கடைசியில தனியா ஒரு போர்ட் செஞ்சிச்சி, பூக்கடை போர்டு, அளவெடுத்து, விலை சொல்லி, டேவானுக்கு எழுதி, மாட்டற வரைக்கும். எந்த ஸ்டூடியோவுல அத கத்துக்குடுப்பாங்க?

இப்ப நான் சொல்ல வந்த எடத்துக்கு வர்றேன். எங்க ஊருக்கு பக்கத்துல ஒரு கோவில்ல அப்ப கும்பாபிஷேகத்துக்கு திருப்பணி நடந்துகிட்டிருந்துச்சி, சாமிய தற்காலிகமா வேற எடத்துல வைக்கற பாலஸ்தாபனம் முடிஞ்சி கோபுரத்துல சாரம் கட்டியாச்சி, தமிழ்நாட்டுலேர்ந்து ஸ்தபதியும் சுதை வேலக்காரங்களும் வந்து தங்கி இருந்தாங்க. உபயதாரர் பேர் போர்டு ஆர்டர் நமக்கு வந்துச்சி, அந்த வேலையா இந்தப் பிள்ளைய கூட்டிட்டு போனேன். அவ்ளோதான், அதுக்கப்பறம் கடைக்கு திரும்ப வர மனசே இல்ல அதுக்கு. ஸ்தபதி ஐயா கீழ ஒரு பலகையில சுண்ணாம்பு நூல அடிச்சி கோடு போட்டுக்கிட்டு இருந்தாரு, இது போய் பக்கத்துல குந்திக்கிச்சி. ஒரு முகத்தோட நீளம் ஒரு தாலம்மா, அதான் கணக்கு, பெரிய மூர்த்திக்கு பத்து தாலம், மத்தவங்களுக்கு ஒன்பது, புள்ளையாருக்கு அஞ்சுதான், அதான் அவரு குட்டையா தொப்பையா அழகா இருக்காருன்னாரு. காலேஜ்ல மூணு வருஷம் மனுஷ உடம்ப எட்டு தல கணக்குல வரைஞ்ச பிள்ளை அது, ஒடனே பையிலேர்ந்து ஸ்கெட்ச் புக்க எடுத்து ரெண்டு கணக்கையும் பக்கம் பக்கமா வரைஞ்சி காட்டிச்சி. ஸ்தபதி வாங்கி பாத்துட்டு ஒண்ணும் பேசல, அவரோட பென்சில எடுத்து அது வரைஞ்ச தோள ஒரு விரல் அளவு ஏத்தி வச்சாரு. ஐயா கைய பாத்தீங்களா அங்கிள், ரப்பரே எடுக்கலன்னு வர்ற வழி பூரா அதே பேச்சு.

சிமெண்டும் மணலும் எப்படி கலக்கறது, கம்பி கட்டி உருவம் எழுப்பறது, வெயில் மழைக்கு எந்த பெயின்ட் நிக்கும் எது ரெண்டு வருஷத்துல வெளுத்துடும், கண்ணு மட்டும் ஏன் கடைசியில திறக்கறாங்க, எல்லாம் அங்க நேர்ல இருக்கு. ஒரு பிள்ளைக்கு இத விட நல்ல பிராக்டிக்கல் என்ன வேணும்? நான் காலேஜுக்கு போன் போட்டேன், மிச்சம் இருக்கற வாரத்துக்கு இந்தப் பிள்ளைய கோவில்ல போட்டுக்கலாமான்னு. பதில் என்னன்னா, கோவில் கம்பெனி இல்ல, எஸ்எஸ்எம் நம்பர் கெடையாது, இண்டஸ்ட்ரின்னு ஏத்துக்க முடியாது. நம்ம கோவில் எத்தனையோ சங்கப் பதிவுல, அதாவது ஆர்ஓஎஸ்ல முறையா பதிஞ்சி வருஷா வருஷம் கணக்கு குடுக்குது, அது பதிவு இல்லியா? ரிப்பன் கட்ற கம்பெனி இண்டஸ்ட்ரி, ஆயிரம் வருஷ கணக்க கையில வச்சிருக்கற ஸ்தபதி இண்டஸ்ட்ரி இல்ல. நல்லா இருக்குப்பா நியாயம்.

இன்னொன்னும் இருக்கு. பாரத்துல கோவில் பேர் இல்லாததால அந்தப் பிள்ளைய நான் சாரத்துல ஏற விடல, கீழயே இருந்து செய்ய சொன்னேன். யூனி காலேஜுங்க பிள்ளைங்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருப்பாங்க, ஆனா பாரத்துல ஒரு எடத்த எழுதிட்டு வேற எடத்துல விழுந்தா யாரு பதில் சொல்றது. முறையா ஏத்துக்கிட்டா பிள்ளைக்கு பாதுகாப்பு, நமக்கும் நிம்மதி.

சிற்பி, நாதஸ்வரக் கலைஞர், அர்ச்சகர்னு தமிழ்நாட்டுலேர்ந்து ஆள் எடுக்க பெர்மிட் பிரச்சினைன்னு உங்க பேப்பர்லயும் மத்த பேப்பர்லயும் எத்தன வருஷமா வருது. உள்ளூர் ஆளுக்கு பயிற்சி குடுங்கன்னு அரசாங்கம் சொல்லுது, உள்ளூர்ல யாரும் வர மாட்டேங்கறாங்கன்னு கோவில்காரங்க சொல்றாங்க. இங்க ஒரு பிள்ளை வர்றேன்னு நிக்குது, பாரம் இல்லன்னு திருப்பி அனுப்பறோம். பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ கும்பாபிஷேகம்னு வச்சா கூட நாட்டுல எங்கயாவது ஒரு கோவில்ல எப்பவும் சாரம் நிக்கும். ஒவ்வொரு திருப்பணி கமிட்டியும் ரெண்டு பிள்ளைய எடுத்துக்கிட்டா போதும், அன்னதானத்துக்கு செலவழிக்கறதுல ஒரு ஓரம் அலவன்ஸுக்கு வந்துடும்.

டான்ஸ், மியூசிக் பிள்ளைங்களுக்கும் இதேதான். எங்க ஊர்ல உருமி மேளக் குழு இருக்கு, வீட்டு ஹால்ல பரதம் சொல்லிக்குடுக்கற டீச்சர் இருக்காங்க, சனிக்கிழமைன்னா வாசல் பூரா சின்னச் சின்ன செருப்பா கிடக்கும், தமிழ்ப்பள்ளிங்கள்ல கலைவிழா வருது, கோவில் திருவிழால மேடை போட்டு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் நிகழ்ச்சி நடக்குது. அந்த மேடைய யாரு நடத்தறா? யாருமே நடத்தறதில்ல, அதான் மைக் கூவுது, பாட்டு பாதில நிக்குது, டான்ஸ் ஆட வந்த பிள்ளைங்க கோவில் ஸ்டோர்ல அரிசி மூட்டைக்கு நடுவுல துணி மாத்துது. ஸ்டேஜ் மேனேஜ்மென்ட் படிச்ச ஒரு பிள்ளைய போட்டா எந்த ஐட்டம் எப்ப, யாரு எந்த பக்கம் ஏறணும், லைட்டு எப்ப மாறணும்னு ஒரு புக்கு போட்டு நடத்திடும், அந்த புக்கே அதோட ரிப்போர்ட்டு. உருமிக்காரங்க வாசிக்கறத ஒரு மியூசிக் மாணவன் உக்காந்து பதிவு பண்ணி எழுதி வச்சா அதுவும் வேலதான். இந்த டீச்சருங்க, குழுக்காரங்க யாருக்கும் கம்பெனி சாப் இருக்காது, அதனால லிஸ்ட்ல வர மாட்டாங்க.

கோலாலம்பூர் போகவே வேணாம்னு நான் சொல்லல, அத தப்பா எடுத்துக்காதீங்க. செந்தூல்ல பழைய ரயில்வே ஒர்க்‌ஷாப் இருந்த எடத்துலதான் 2005ல கேஎல்பேக் தியேட்டர் வந்துச்சி, நம்ம தாத்தாமாருங்க எஞ்சின் கழுவின எடம், அங்க போய் லைட்டு எப்படி தொங்கவிடறாங்கன்னு ஒரு பிள்ளை பாக்கத்தான் வேணும். பிரிக்பீல்ட்ஸ்ல டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கு, தித்திவங்சா பக்கம் ரம்லி இப்ராஹிமோட சூத்ரா டான்ஸ் குழு இருக்கு, மலாய்க்காரரா பொறந்து ஒடிசி ஆடி 2018ல இந்தியாவுல பத்மஸ்ரீ வாங்கின மனுஷன், அவரு ரிகர்சல ஒரு ஓரமா நின்னு பாத்தா கூட பாடம். இஸ்தானா புடாயா அரங்கம், துன் ரசாக் சாலையில இருக்கற பாலாய் செனி ஓவியக்கூடம், எல்லாம் வேணும். நான் கேக்கறது பாதி அங்க பாதி இங்க. ரெண்டு எடத்துல செய்ய விட்டா அப்பன் பாக்கெட்டும் பாதிதான் காலியாகும், பிள்ளையும் ரெண்டும் பாக்கும். எங்களுக்கு பக்கத்துலயே சாயோங்ல லாபு சாயோங் மண்பாண்டம் செய்யறாங்க, கோல கங்சார் போற சடக்கு, அங்க கூட ஃபைன் ஆர்ட் பிள்ளைங்க போலாமே. ஈப்போவுல 2014ல லித்துவேனியாக்கார ஓவியர் ஒருத்தர் சுவத்துல வரைஞ்ச படத்துக்கு முன்னால இன்னமும் வெளியூர்க்காரன் வந்து நின்னு போட்டோ எடுக்கறான், எங்க ஊர் சுவத்துல வட்டிக்காரன் ஸ்டிக்கர்தான் இருக்கு, பிள்ளைங்க கையில விட்டுப் பாருங்களேன்.

அதனால காலேஜ், யூனி நிர்வாகத்துக்கு. அஸ்வாரா, உப்சி, மலாயா, யூஎஸ்எம்னு நம்ம பிள்ளைங்க எங்கெல்லாம் கலை படிக்குதோ அங்க இருக்கற தமிழ் லெக்சரருங்க முன்ன வந்து இத பேசணும். ஆர்ஓஎஸ் பதிவு உள்ள கோவில், சங்கம், கலைமன்றத்த ஏத்துக்குங்க. பதிவு இல்லாத ஸ்தபதி, டான்ஸ் டீச்சர், நாதஸ்வர வித்துவான்னா அனுபவத்த கேளுங்க, அவங்க செஞ்ச வேலைய பாருங்க, சாப்ப பாக்காதீங்க. பாரத்துல எச்ஆர் யாருன்னு கேக்கறதுக்கு பதிலா இந்தப் பிள்ளை வாரா வாரம் கையால என்ன செய்யும்னு ஒரு கேள்வி வைங்க, பாதி மோசக்காரன் அங்கயே கழண்டுக்குவான். எனக்கு வந்த மார்க் பாரத்துல நேரத்துக்கு வர்றாரா, உடை ஒழுங்கா, பேச்சு மரியாதையான்னு நெறைய கட்டம் இருந்துச்சி, வரைஞ்சது எப்படின்னு ஒரே ஒரு கட்டம்.

பெத்தவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் ரெண்டு வார்த்த. எடம் கெடச்சிடுச்சின்னு துள்ளி குதிக்கறதுக்கு முன்னால லெட்டர்ல வேல என்னன்னு எழுதி இருக்கான்னு பாருங்க, அலவன்ஸ் எவ்ளோ, நைட்டு வேல இருந்தா போக்குவரத்து யாரு பொறுப்புன்னு கேளுங்க, கேட்டா கோவிச்சிக்குவாங்கன்னு பயப்படாதீங்க, கோவிச்சிக்கற எடத்துக்கு போகாதீங்க. செஞ்ச டிசைன், வரைஞ்ச படம், நடத்தின மேடை, எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சிக்கிட்டு, போர்ட்ஃபோலியோவுல போட்டுக்கலாமான்னு அங்கயே கேட்டு ஒரு வரி எழுதி வாங்கிடுங்க, பின்னால கம்பெனிக்காரன் எங்களுதுன்னு சொன்னா வாய் தொறக்க முடியாது. லாக் புக்க வாரக் கடைசியில எழுதுங்க, கடைசி வாரத்துல மொத்தமா உக்காந்தா நிகழ்ச்சிக்கு உதவி செய்தேன்னுதான் வரும்.

கடைக்காரங்களுக்கும் சொல்லணும், நம்ம ஆளுங்கதான். ஓசில ஆள் கெடச்சிடுச்சின்னு கூட்டுறதுக்கும் தண்ணி வாங்கறதுக்கும் விடாதீங்க. பிரிண்டர் கடை, போட்டோ ஸ்டூடியோ, மணவறை அலங்காரம் செய்யறவங்க, யாரா இருந்தாலும் ஒரு வேலைய முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் அந்தப் பிள்ளை கையில குடுத்து பாருங்க. நமக்கு கொஞ்சம் டின் பெயின்டு, ரெண்டு மீட்டர் பேனர் வீணாப் போகும், போகட்டும்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். திருப்பணி ஆரம்பிக்கற கோவில்காரங்க உங்களுக்கு விளம்பரம் குடுப்பாங்க இல்லியா, அதுலயே பிராக்டிக்கல் மாணவர் எடுத்துக்கறோம்னு ஒரு வரி சேக்க சொல்லி கேட்டுப் பாருங்க. எங்க பக்கத்துக் கோவில் கமிட்டிகிட்ட நான் பேசியிருக்கேன், அடுத்த தடவ ரெண்டு பேர எடுத்துக்கறோம், சாப்பாடும் தங்கற எடமும் கோவில்லயேன்னு சொல்லிட்டாங்க, காலேஜ் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

இப்படிக்கு,
சைன்போர்ட் கடைக்காரர்,
சுங்கை சிப்புட், பேரா